காயாத காலுறை

"கொடுத்து வைத்தவர் நீங்கள், எப்போதும் குளுகுளுவென்று இருக்குமே!" மலையில் குடியிருக்கிறேன் என்றால் போதும், உடனே ஆரம்பித்துவிடுகிறார்கள். இரண்டு நாள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு என்ன தெரியும்?

திங்கட்கிழமை துவைத்த காலுறை. இன்று வெள்ளி. இன்னும் பிழிந்தால் சொட்டும் போலிருக்கிறது. போர்வையே ஈரம், அதை நான்தான் சூடேற்ற வேண்டும். பீரோவைத் திறந்தால் பூஞ்சை வாடை. விசேஷத்துக்கென்று பத்திரமாக எடுத்து வைத்த தோல் செருப்பு பச்சையாகப் பூத்து, தொட்டால் விரலில் மாவு மாதிரி ஒட்டுகிறது. உப்பு ஜாடியில் இருப்பது உப்பா, பாறையா?

1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையுமாம். சரி, குறைந்து தொலையட்டும். ஆனால் தண்ணீருமா ஏமாற்ற வேண்டும்? 2,000 மீட்டரில் 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கிறது, உள்ளே போட்டது மட்டும் வேகவே மாட்டேன் என்கிறது.

அப்புறம் வெயில். பத்து நிமிடம் எட்டிப் பார்க்கும். துணியை அள்ளிக்கொண்டு ஓடி, கிளிப்பைக் கையில் எடுப்பதற்குள் மூடுபனி வந்து நிற்கும். நான் துணியோடு கிளம்புவதை இதற்கு யார்தான் போய்ச் சொல்கிறார்கள்?