பொடி எழுத்தில் ஒளிந்த விதி
ஆடித் தள்ளுபடிக்குக் காந்திபுரத்தில் பிரிட்ஜ் வாங்கினோம். பில்லை அனுப்பினால் 2,000 ரூபாய் திரும்ப வரும் என்று கடைக்காரரே சொன்னார். இப்போது கேட்டால், அட்டைப்பெட்டியின் பார்கோடை வெட்டி அனுப்பவில்லையாம்! பில்லின் பின்புறம், கடுகளவு எழுத்தில், பாதி அழிந்த மையில் இருக்கிறது அந்த விதி. விற்கும்போது அதை வாய்திறந்து சொன்னால் என்ன குறைந்துவிடும்?

"கம்பெனியைக் கேளுங்கள்" என்கிறது கடை. "கடையைக் கேளுங்கள்" என்கிறது கம்பெனி. விடுவதாக இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்தாயிற்று. அதற்கும் மசியாவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, 2 ஆண்டுகளுக்குள் போனால் போதும். இந்தப் பணத்துக்கு எவர் அலையப் போகிறார் என்ற தைரியம்தானே அவர்களுக்கு? நான் அலைவேன்.