ஊன்றுகோல் என்று சொன்னீர்களே, தம்பி

போன சனிக்கிழமை எங்கள் துப்பாக்கி சுடும் கிளப் போட்டியில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் அந்தப் படத்தையும் அதன் கீழே இருந்த ஒற்றை வரியையும் பார்த்திருப்பீர்கள். "ஸ்கோப் வைத்துச் சுடுவது ஊன்றுகோல் பிடித்துக்கொண்டு ஓட்டப்பந்தயம் ஓடுவது மாதிரி." ஸ்கோப் என்பது ரைஃபிளின் மேல் மாட்டும் சின்னத் தொலைநோக்கி. படத்தில் அதை வைத்துச் சுட்டவர் எங்கள் பெரியவர். எழுபத்தாறு வயது. கேட்டு எடுத்த படமும் இல்லை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். எழுதியவர் நீக்குவார் என்று நினைத்தேன். நீக்கவில்லை, சிரிப்புக்குறிகள்தான் கூடிக்கொண்டே போயின. அதனால் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கோப் சுடுவதில்லை. சுடுபவர் மனிதர். ஸ்கோப் செய்வதெல்லாம், வயது அந்த மனிதரின் கண்ணிலிருந்து எடுத்துக்கொண்டதில் கொஞ்சத்தைத் திருப்பித் தருவதுதான்.

துப்பாக்கிப் பக்கமே போகாத நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். இது அமெரிக்காவில் நடக்கும் சர்வீஸ் ரைஃபிள் போட்டி. ராணுவ ரைஃபிளின் வடிவத்தில் இருப்பதை வைத்து 50 தோட்டா சுட வேண்டும். 200 யார்டில் நின்றுகொண்டு 10, அதே தூரத்தில் உட்கார்ந்து 60 விநாடிக்குள் 10, 300 யார்டில் படுத்து 70 விநாடிக்குள் 10, கடைசியாக 600 யார்டில் நிதானமாக 20. ஒரு தோட்டாவுக்கு அதிகபட்சம் 10, மொத்தம் 500 மதிப்பெண். பல தலைமுறைகளாக இதை அயர்ன் சைட்டில்தான் சுட்டார்கள். பின்னால் ஒரு சின்னத் துளை, முன்னால் ஒரு குச்சி, அவ்வளவுதான். ராணுவமே தன் வீரர்களின் ரைஃபிளில் ஸ்கோப் பொருத்திக் கொடுக்க ஆரம்பித்து எத்தனையோ வருடம் ஆன பிறகு, 2016 இல்தான் இந்தப் போட்டிகளில் ஸ்கோப்பை அனுமதித்தார்கள். அதுவும் 4.5 மடங்குக்கு மேல் பெரிதாக்கக் கூடாது. இந்த 4.5 ஐ மறந்துவிடாதீர்கள். சிரித்தவர்களில் பலர் நிலாவில் இருக்கும் பள்ளத்தைப் பார்க்கிற கருவி என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. 600 யார்டில் இருக்கும் இலக்கு 4.5 மடங்கில் பார்த்தால் 130 யார்டு சொச்சத்தில் இருப்பது போலத் தெரியும். தோட்டா போன ஓட்டை அப்போதும் தெரியாது.

கண் விஷயத்துக்கு வருகிறேன். அயர்ன் சைட்டில் சுடும்போது கண் ஒரே நேரத்தில் மூன்றைப் பார்க்க வேண்டும்: மூக்கருகே துளை, கைக்கெட்டும் தூரத்தில் குச்சி, எங்கோ தள்ளி இலக்கின் கருவட்டம். மூன்றும் ஒரே சமயத்தில் தெளிவாகத் தெரிவது எந்த மனிதக் கண்ணுக்கும் நடக்காது. அதனால்தான் குச்சியின் நுனியைக் கூர்மையாகப் பார், வட்டம் மங்கட்டும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். இருபது வயதில் இது சுலபம். நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகிப்போகிறது. நம் ஊரில் வெள்ளெழுத்து என்போம், சாளேசுரம் என்போம். பேப்பரைத் தள்ளிப் பிடித்துப் படிப்பார்களே, அதுதான். குச்சி ஒன்று இரண்டாகத் தெரியும், ஓரம் பஞ்சு மாதிரி பிசிறும். தூரப் பார்வைக் கண்ணாடியோடு +0.5 சேர்த்துத் தனிக் கண்ணாடி போட்டுச் சில வருடம் சமாளிக்கலாம். பெரியவரும் சமாளித்தார். நானும் சமாளித்தேன். அப்புறம் அதுவும் போதாமல் போகிறது. ஸ்கோப்பில் குறிக்கோடும் இலக்கும் ஒரே தளத்தில் வந்துவிடுகின்றன. கண் ஒன்றை மட்டும் பார்த்தால் போதும். ஊன்றுகோல் என்று நீங்கள் சொன்னது இதைத்தான், தம்பி.

சனிக்கிழமை நான் எங்கே இருந்தேன் தெரியுமா? இலக்குகளுக்குக் கீழே இருக்கும் குழியில். அவர் சுட்ட இலக்கை இறக்கி, ஓட்டையில் வட்டு செருகி, மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தவன் நான்தான். அவருடைய ஒவ்வொரு தோட்டாவும் விழுந்த இடத்தை என் கண்ணால் பார்த்தேன். 600 யார்டில் ஆரம்பத்திலேயே இடது பக்கம் ஒரு எட்டு விழுந்தது. அடுத்தது ஒன்பது. அப்புறம் வரிசையாகப் பத்து, பத்து, பத்து. நடுவில் காற்று செத்துவிட்டது, வலது பக்கம் ஒரு எட்டு. மறுபடி திருத்திக்கொண்டார். மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே அடிக்கும் காற்று நாங்கள் சுடும் 80 கிரெய்ன் (சுமார் 5 கிராம்) எடையுள்ள குண்டை 600 யார்டில் இரண்டடி அளவுக்குத் தள்ளிவிடும். பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவே 12 அங்குலம்தான். அந்தக் காற்றை எந்த ஸ்கோப் படித்துக் கொடுத்தது? கொடியையும் புல்லையும் கானலையும் நாற்பது வருடம் பார்த்துப் பழகிய மூளை படித்தது. நின்று சுட்டதில் 91, உட்கார்ந்து 97, படுத்து 98, கடைசியில் 189. மொத்தம் 475. உங்களுடையது 461. இதை நான் சொல்லியிருக்கவே மாட்டேன். நீங்கள்தான் சொல்ல வைத்தீர்கள்.

ஸ்கோப் மாட்டிய உடனே மதிப்பெண் ஏறிவிடும் என்று நினைப்பவர்களுக்கு என் கதை. நான் மாறியது 2018 இல். முதலில் ஒன்றிலிருந்து நாலு மடங்கு வரை திருகி மாற்றக்கூடிய, விலை மலிந்த ஒன்றை வாங்கினேன். எங்கள் கிளப்பில் அப்போது எல்லோரும் அந்த மாதிரிதான் வாங்கினார்கள். நின்று சுடும்போது ஒன்றில் வைக்கலாம், படுக்கும்போது நாலுக்குப் போகலாம் என்று கணக்கு. இரண்டு சீசன் கழித்துப் பார்த்தால் அந்த வளையத்தை யாருமே திருகவில்லை. இன்று பலர் நைட்ஃபோர்ஸ் நிறுவனம் செய்வது மாதிரி 4.5 இல் நிலையாக இருக்கும் ஸ்கோப்புக்குப் போய்விட்டார்கள். திருகுவதற்கு ஒன்றுமில்லை, கெடுவதற்கும் ஒன்று குறைவு. நடுவில் தடித்த சிலுவைக்கோடு கேட்டவர்கள் இப்போது சின்னப் புள்ளி கேட்கிறார்கள். ரசனை இப்படித்தான் மாறுகிறது, அனுபவத்தில்.

ஆனால் நின்று சுடுவதில் என் மதிப்பெண் ஒரு வருடம் கீழேதான் போனது. காரணம் எளிது. அயர்ன் சைட்டில் என் கை ஆடியது எனக்குத் தெரியாது. ஸ்கோப்பில் அந்த ஆட்டம் நாலரை மடங்காகத் தெரிந்தது. பத்துக்குள் புள்ளி நுழையும் நொடியில் விசையைப் பறித்து இழுத்தேன், தோட்டா ஏழுக்குப் போனது. தலையைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் ஓரத்தில் கறுப்பு நிழல் விழும். நின்றால் கன்னம் ரைஃபிளில் ஒரு இடத்தில் படும், படுத்தால் வேறு இடத்தில், எல்லாவற்றையும் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. "ஆடட்டும் விடு, பார்த்துக்கொண்டே அழுத்து" என்று சொல்லிக் கொடுத்தவர் அதே பெரியவர்தான். ஊன்றுகோல் பிடித்தவன் எவனும் முதல் வருடம் இப்படி விழுந்து எழுந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

சிலர் கேட்பீர்கள், ஒலிம்பிக்கில் இன்றும் ஸ்கோப் இல்லையே என்று. உண்மை, இல்லை. அது வேறு விளையாட்டு. ஏர் ரைஃபிளில் தூரம் 10 மீட்டர், காற்றில்லாத அரங்கம். அங்கேகூடப் பார்வைக் குறையைச் சரிசெய்யும் லென்ஸுக்கு அனுமதி உண்டு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 இல் பாரிஸில் சுட்டபோது அவருக்கு இருபத்தைந்து நிறையவில்லை. அவர் சுடுவதைப் பார்த்துப் பெருமைப்படும் ஆள் நான். ஆனால் அதைக் காட்டி எழுபத்தாறு வயதுக்காரரை அடிக்காதீர்கள்.

அயர்ன் சைட் ஒரு கலை, அது அழிந்துவிடும் என்பீர்கள். இதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகள் ஒரு சீசனாவது துளையும் குச்சியும் வைத்துச் சுட்டுப் பழகினால் நல்லது என்று நானே சொல்லியிருக்கிறேன். அமெரிக்க ராணுவத்தின் பழைய கராண்ட் ரைஃபிளுக்கான போட்டிகளில் இன்றும் அதுதான் விதி, போய்ச் சுடுங்கள். பணம் இருப்பவன் நல்ல ஸ்கோப் வாங்குவான், இல்லாதவன் என்ன செய்வான் என்று கேட்பீர்கள். இது நியாயமான கேள்வி. என்னிடம் நல்ல பதில் இல்லை. நல்ல ஸ்கோப்பின் விலையில் ஒரு பையன் ஒரு சீசன் முழுக்கத் தோட்டா வாங்கிவிடலாம். இது என்னையும் உறுத்துகிறது. எங்கள் கிளப்பில் இரண்டு பழைய ஸ்கோப்புகளை இரவலுக்கு வைத்திருக்கிறோம். அதில் ஒன்று யார் கொடுத்தது என்று போய் விசாரியுங்கள்.

ஸ்கோப்புக்குத் தனிப் பிரிவு வையுங்கள் என்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. விதி எல்லோருக்கும் ஒன்று. நீங்களும் மாட்டிக்கொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை.

மாறினாலே மட்டம்தட்டுவது இந்த விளையாட்டில் புதிதில்லை. 1990களில் எம்14 என்ற பழைய, கனமான ராணுவ ரைஃபிளை விட்டுவிட்டு, சின்னத் தோட்டா சுடும் ஏஆர்-15 க்கு மாறியவர்களை, எலித் துப்பாக்கி வைத்திருக்கிறான் என்று கிண்டல் செய்தார்கள். தானும் அப்படிச் சொன்னதாகவும், இரண்டே வருடத்தில் தானும் ஒன்று வாங்கியதாகவும் பெரியவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். கனடாவில் ஜார்ஜ் ஃபார்குவர்சன் என்ற பழைய சுடுவீரர், கண்ணும் முழங்கையும் ஒத்துழைக்காத வயதில் ஸ்கோப்பும் ரைஃபிளைத் தாங்கும் காலும் வைத்துச் சுட ஒரு பிரிவு கேட்டார். அதுவே எஃப்-கிளாஸ் ஆனது. அந்த எஃப் அவர் பெயரின் முதலெழுத்து. 2002 இல் ஒட்டாவாவில் அதற்கு உலகப் போட்டியே நடந்தது. வயதானவர்கள் வீட்டுக்குப் போகாமல் இருக்க ஒருவர் கேட்டது, இளைஞர்களும் வந்து சேர்ந்த விளையாட்டாக வளர்ந்துவிட்டது.

என் அப்பா அம்பாசமுத்திரத்தில் தையல்காரர். நாற்பத்து மூன்று வயதில் அவருக்கு ஊசிக் காது தெரியாமல் போனது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பத்துப் பதினைந்து ஊசியில் நூல் கோத்து, சட்டைத்துணியில் வரிசையாகக் குத்தி வைப்பேன். அது தீர்ந்துவிட்டால் அன்றைக்குக் கைத்தையல் அவ்வளவுதான். அப்புறம் திருவிழாக் கடையில் ஒரு கண்ணாடி வாங்கினார். கடைக்கு ஆள் வரும் சத்தம் கேட்டால் கழற்றி, மெஷின் டிராயரில் போட்டு மூடிவிடுவார். "கண்ணு போயிருச்சுன்னா துணி தர மாட்டாங்கடா" என்பார். அப்போது எனக்குப் புரியவில்லை. அவர் தைத்த தையலில் என்ன குறை இருந்தது? எதற்காக அந்த மனிதர் ஒளிக்க வேண்டியிருந்தது? இந்த மாதிரி ஒற்றை வரிகளுக்குப் பயந்துதான்.

பெரியவரும் அப்படித்தான் 2013 இல் சுடுவதை நிறுத்தினார். சொல்லிக்கொள்ளாமல் நிறுத்தினார். போட்டிகளில் முப்பது புள்ளி சேர்த்து, தேர்ந்த சுடுவீரருக்குத் தரும் டிஸ்டிங்குயிஷ்டு பேட்ஜ் வாங்கியவர், அதுவும் எம்14 இல், அயர்ன் சைட்டில், நீங்கள் பிறப்பதற்கு முன்னால். (இதைச் சொல்லி அவரைக் காப்பாற்ற வேண்டியிருப்பதே எனக்கு வலிக்கிறது. பேட்ஜ் இல்லாத கிழவராக இருந்திருந்தால் சிரிக்கலாமா?) ஆறு வருடம் மைதானத்துப் பக்கம் வரவில்லை. 2019 இல் நான்தான் என் ரைஃபிளை அவர் கையில் கொடுத்து ஸ்கோப்பில் பாருங்கள் என்றேன். பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "வட்டத்துக்கு ஓரம் இருக்கிறது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த மாதம் பெயர் கொடுத்தார். அன்றிலிருந்து ஒரு போட்டியும் தவறவிட்டதில்லை.

தம்பி, நீங்கள் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நன்றாகச் சுடுகிறீர்கள். முப்பத்தொரு வயதில் உங்கள் கண் உங்களுக்கு உழைக்கிறது. அதை நீங்கள் சம்பாதித்ததாக நினைக்கிறீர்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ரைஃபிளைக் கையோடு இறுக்கும் ஸ்லிங் வாரைக் கட்ட உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? முதல் நாள் சுடும்போது போடும் ஜாக்கெட் இல்லாமல் வந்தபோது தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தது யார்? அன்றைக்கு அவர் உங்களைப் படம் எடுத்துப் போட்டாரா?

அந்தப் படத்தை அவர் பேத்தி அவருக்குக் காட்டியிருக்கிறாள். அவர்களுக்குத் தமிழ் புரியாது, அந்த வரியை மொழிபெயர்த்துப் படித்திருக்கிறார்கள். நேற்று இரவு பெரியவரை அழைத்தேன். அடுத்த மாதத்துக்கு ஏன் இன்னும் பெயர் கொடுக்கவில்லை என்று கேட்டேன். வீட்டு முற்றத்தில் இலை கூட்டும் வேலை நிறைய இருக்கிறது என்றார். அவர் முற்றத்தில் இருப்பது ஒரே ஒரு மரம்.

பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. அவர் எண் உங்களிடமும் இருக்கிறது, தம்பி.