கோயில் அறிவிப்பை எழுத்தாகவும் போடுங்கள்

டர்பன் பக்கத்துக் கோயில் சபைகளுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். காவடிக்கும் புரட்டாசிக்கும் உங்கள் வெப்சைட்டில் வருவது ஒரே ஒரு போஸ்டர் படம். முருகன், பூ பார்டர், அதன் மேலேயே தேதியும் நேரமும். பார்வை இல்லாதவருக்கு அந்தப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

சாட்ஸ்வர்த்தில் இருக்கும் என் பெரியப்பாவுக்குச் சர்க்கரை நோயால் பார்வை போய்விட்டது. நம் குடும்பங்களில் இது புதிதல்ல. செய்தி, வாட்ஸாப், பேங்க் வேலை எல்லாவற்றையும் போனில், திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் மூலம் அவரே பார்த்துக்கொள்கிறார். கோயில் பக்கத்தில் மட்டும் அது ‘இமேஜ்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. இளவயதிலிருந்து காவடி எடுத்த மனிதர், கொடியேற்றம் எத்தனை மணிக்கு என்று அடுத்தவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. எனக்குக் கோபம்தான் வருகிறது.

இப்போதைய போன்கள் படத்தில் உள்ள எழுத்தையும் படிக்கின்றனவே என்பார்கள். ஓரளவு படிக்கும். அலங்காரத் தமிழ் எழுத்து வந்தால் தடுமாறும். பூஜை 5 மணிக்கா 6 மணிக்கா என்பதில் ஓரளவு போதாது.

போஸ்டர் இருக்கட்டும். அதிலுள்ள விவரத்தைக் கீழே எழுத்தாகவும் போடுங்கள், படத்துக்கு மாற்று உரை (படத்தில் இருப்பதைத் திரைவாசிப்பானுக்குச் சொல்லும் எழுத்து) கொடுங்கள். தமிழை யூனிகோடில், அதாவது கணினிக்கும் போனுக்கும் தமிழ் என்றே தெரியும் எழுத்துக் குறியீட்டில் அடியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் கண்ணுக்குத்தான் தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குவியல், திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். அப்புறம் மொழிக்குறி. நம் பக்கங்களில் ஆங்கிலத்துக்கு நடுவே தமிழ் வரும். அந்த வரி தமிழ் என்று பக்கத்தின் உள்குறியீடான எச்டிஎம்எல்லில் குறிக்காவிட்டால் ஆங்கிலக் குரலே அதை உளறலாம், இல்லை தாண்டிப் போய்விடலாம். இதை யாரும் கவனிப்பதில்லை என்பதுதான் என் பெரிய வருத்தம்.

மஞ்சள் மேல் வெள்ளை எழுத்தும் வேண்டாம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று, வெப்சைட்டை எல்லாரும் பயன்படுத்தும்படி செய்வதற்கான வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.0 2008லேயே சொல்லிவிட்டது. சொற்பொழிவு வீடியோவுக்குப் பேச்சை எழுத்தில் காட்டும் வரியும் தேவை. தென்னாப்பிரிக்கச் சைகை மொழி 2023ல் நாட்டின் 12ஆவது ஆட்சிமொழியாகியிருக்கிறது, காது கேளாதவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு.

செலவு என்று சொல்லாதீர்கள். பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் உருவாக்கிய என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். அதை இறக்கி, மவுஸைத் தொடாமல் உங்கள் பக்கத்தில் பூஜை நேரத்தைத் தேடிப் பாருங்கள். உங்கள் சபைப் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவரை இங்கே டேக் செய்யுங்கள், மொழிக்குறி எப்படி வைப்பது என்று நானே உட்கார்ந்து காட்டித் தருகிறேன்.