சொந்த மாநில வேட்டை உரிமம் பிளாக் ஹில்ஸில் செல்லாது
அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள பிளாக் ஹில்ஸ் தேசியக் காடு கூட்டரசு (மத்திய அரசு) நிலம் என்பதால், வெளிமாநிலத்தார் தம் சொந்த மாநில உரிமத்துடனேயே அங்கு வான்கோழி வேட்டையாடிச் செலவைக் குறைக்கலாம் என்று சொல்லப்படுவது தவறு. நம்பிச் செல்பவர் சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்வார். தேசியக் காடுகளில் வேட்டை உரிமம் வழங்குவது அந்தந்த மாநிலமே என்பதால், தெற்கு டகோட்டா வெளிமாநிலத்தாருக்குத் தரும் வான்கோழி உரிமத்தை வாங்கியே ஆக வேண்டும். உண்மையான சிக்கனம் தங்குமிடத்தில்தான் இருக்கிறது: வசதிகள் அமைக்கப்படாத காட்டுப் பகுதிகளில் 14 நாள்வரை கட்டணமின்றிக் கூடாரமடிக்கலாம். ஆனால் அவ்விடங்களில் விறகுத்தீ மூட்டத் தடை உண்டு. எரிவாயு அடுப்பு அவசியம். காட்டின் எல்லைக்குள்ளேயே தனியார் நிலங்களும் ஊடே கிடப்பதால், நில உடைமையைக் காட்டும் வரைபடத்தைக் கைபேசியில் முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.