பாட்டு எப்போ வரும்னு இன்னொரு தடவை கேட்காதீங்க

ஸ்டியரிங்கிலேயே, கட்டைவிரலுக்கு எட்டுகிற தூரத்தில், அடுத்த பாட்டுக்குத் தாவும் பட்டனைக் கொண்டுவந்து வைத்த ஆள் தன் வாழ்நாளில் ஒரு ஆல்பத்தைக்கூட முழுசாகக் கேட்டிருக்க மாட்டார். கேட்டிருந்தால் அவருக்குக் கை வந்திருக்காது. ஹாரன் வைத்தீர்கள், சரி. வால்யூம் வைத்தீர்கள், அதுவும் சரி. இதை எதற்கு ஐயா வைத்தீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஈசிஆரில் நடந்ததை முழுசாகக் கொட்டித் தீர்க்காமல் எனக்கு நெஞ்சு ஆறாது.

திருவான்மியூரில் ஏறினோம். மாமல்லபுரம் போய்ச் சேர கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். வண்டி நண்பனுடையது, ஓட்டுவதும் அவன்தான். பின் சீட்டில் இரண்டு பேர். முன் சீட்டில் நான், ப்ளூடூத்தில் என் போன். “மச்சி, நீதான் மியூசிக் ஆளாச்சே, புதுசா எதாவது போடேன்” என்று கேட்டது அவன். நானாக வலியப் போய்த் திணிக்கவில்லை. இதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள்.

போட்டேன். நம்ம ஊர்ப் பையன் ஒருவன் போன மாதம் வெளியிட்ட எலக்ட்ரானிக் ஆல்பம். 9 டிராக், 41 நிமிடம். கோடம்பாக்கத்தில் ஒரு பெட்ரூமில், மைக்கில் சத்தம் ஏறிவிடக்கூடாது என்று மே மாத வெயிலில் ஃபேனையும் அணைத்துவிட்டு உட்கார்ந்து பதிவு செய்திருக்கிறான். ஆல்பத்தோடு போட்ட குறிப்பில் அவனே எழுதியிருந்தான். முதல் டிராக் திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தின் சத்தத்தில் தொடங்குகிறது. அந்த நிலையத்துக்குள் போனவர்களுக்குத் தெரியும். அவ்வளவு பெரிய கான்கிரீட் கட்டடம், ஆள் நடமாட்டமே குறைவு, கீழே யாராவது இருமினால் மேலே பிளாட்பாரத்தில் கேட்கும். அந்த வெற்று முழக்கத்தை எடுத்துச் சுருதி மாதிரி நீட்டி, முக்கால் நிமிடம் கழித்துத்தான் கிக் டிரம்மை உள்ளே விடுகிறான். அந்த முக்கால் நிமிடம் காத்திருந்தால்தான் அந்த முதல் அடி நெஞ்சில் விழும். இல்லாவிட்டால் அது வெறும் ஒரு அடி.

கொட்டிவாக்கம்கூடத் தாண்டவில்லை.

“மச்சி, ப்ளூடூத் கனெக்ட் ஆகலையா?”

ஆகியிருக்கு, இதுதான் பாட்டு என்றேன்.

“ஏதோ ஃபேன் சத்தம் மாதிரி இருக்குடா.”

கட்டைவிரல் அழுத்தியது. அடுத்த டிராக்.

ஃபேன் சத்தமாம்! சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும் வெயிலில் ஃபேனை அணைத்துவிட்டு ஒருவன் பதிவு செய்ததற்குக் கிடைத்த பெயர் இது. ஏசி காரில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறான்.

இரண்டாவது டிராக்கில் ஒரு பெண் குரல். நான்கே வரி, சுத்தமான தமிழ். அதை வோகோடரில், அதாவது குரலை இயந்திரக் குரல் மாதிரி மாற்றும் கருவியில் விட்டு, எழுத்து எழுத்தாக நறுக்கி, திரும்பத் திரும்ப அடுக்குகிறான். முதலில் வெறும் ஒலியாகக் கேட்கும், போகப் போகச் சொல் தெளிந்து வரும், கடைசியில் வரி முழுசாகக் கிடைக்கும். அந்தக் கடைசிக்காகத்தான் அத்தனை பாடும். “இது என்ன பாஷை?” என்றது பின் சீட்டு. தமிழ் என்றேன். “இதுவா?” பாலவாக்கத்தில் கட்டைவிரல் மறுபடியும் அழுத்தியது.

மூன்றாவதுதான் எனக்கு உயிர். ஏழு நிமிடம். இரண்டு நிமிடம் வரைக்கும் சின்தசைசர் மட்டும் மெல்ல ஏறிக்கொண்டே போகும். அப்புறம் சட்டென்று எல்லாம் நின்று, ஒற்றைப் பறை. எந்தச் சேர்க்கையும் இல்லாமல், தோலில் குச்சி விழுகிற சத்தம் அப்படியே வரும். முதல் தடவை ஹெட்போனில் கேட்டபோது எனக்குக் கை மயிர் சிலிர்த்தது. அதனால் கெஞ்சினேன். “மச்சி, இத மட்டும் விடு. ரெண்டே நிமிஷம். ஒரு இடம் வரும்.” சரி என்று விட்டான். நானும் நம்பினேன். அப்போது பின்னாலிருந்து ஒரு கேள்வி: “இது எந்தப் படம்?” படம் இல்லை. “ஓ, ஆல்பம் சாங்கா? வீடியோ இருக்கா?” இல்லை. “அப்ப யாரு நடிச்சிருக்கா?” வீடியோவே இல்லை என்கிறேன், யார் நடித்திருக்கிறார்கள் என்று கேட்கிறான்! நான் தலையைத் திருப்பிப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த இடம் வந்தது. பறை விழுந்தது. ஒருத்தர் காதிலும் விழவில்லை. அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசி முடித்ததும், “என்னமோ வரும்னு சொன்னியே, எங்க?” என்று கேட்டுவிட்டு, நீலாங்கரையில் அதையும் தாண்டிவிட்டான்.

நான்காவதும் ஐந்தாவதும் ஒரே மூச்சில் செய்தவை. நான்காவதின் கடைசி ஸ்வரம்தான் ஐந்தாவதின் முதல் ஸ்வரம், இடையில் இடைவெளியே கிடையாது. ஈஞ்சம்பாக்கம் சிக்னலில் வண்டி நின்றிருந்த நேரத்தில் இரண்டையும் சேர்த்துத் தீர்த்துக் கட்டினான். ஆறாவது உத்தண்டி டோல்கேட்டில் போனது. “தூக்கம் வருதுடா, எங்கயாவது கொண்டுபோய் விட்டுடப் போறேன்” என்றான். ஏழாவதில் பீட் இருந்தது. தலையை ஆட்டினான். “இது ஓகே” என்றுகூடச் சொன்னான். ஒரு நிமிடம் ஓடியிருக்கும், பேஸ் விலகி ஒரு சின்ன மௌனம் வந்தது. எதற்காக வருகிறது அந்த மௌனம்? திரும்பி வரும்போது இரண்டு மடங்காக இறங்குவதற்காக. “கட் ஆயிடுச்சு போல” என்று சொல்லிக்கொண்டே அழுத்தினான்.

முட்டுக்காடு பாலம். இரண்டு பக்கமும் தண்ணீர், காலை வெயில், எட்டாவது டிராக். முதல் டிராக்கில் கேட்ட அந்த ரயில் நிலைய முழக்கம் இங்கே மெட்டாகத் திரும்பி வருகிறது. முப்பது நிமிடம் கூடவே வந்தவனுக்கு மட்டும் கிடைக்கிற சந்தோஷம் அது. நான் அதைக் கேட்டு அழுதிருக்கிறேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். காரில் அது எட்டு நொடி ஓடியது.

கோவளம் வருவதற்குள் ஆல்பம் முடிந்துவிட்டது. “அவ்ளோதானா? சின்ன ஆல்பம் போல.”

சின்ன ஆல்பமா! 41 நிமிடத்தைக் கட்டைவிரலால் நசுக்கிவிட்டுச் சின்ன ஆல்பம் என்கிறான்!

அதற்கப்புறம் என் போனைத் துண்டித்துவிட்டு, அவன் போனிலிருந்து ஒரு பழைய சினிமாப் பாட்டு. முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம் எல்லாம் முழுசாக ஓடியது. பட்டன் பக்கம் விரல் போகவே இல்லை. இடையிசைக்கு ஸ்டியரிங்கில் தாளம் வேறு போட்டான். முடிந்ததும் அதையே மறுபடியும் போட்டான். திருவிடந்தை, வடநெம்மேலி, பட்டிபுலம் எல்லாம் அந்த ஒரே பாட்டில் போயின. சினிமாப் பாட்டோடு எனக்குப் பகை கிடையாது, நானும் அதில் வளர்ந்தவன்தான். ஆனால் ஆயிரம் தடவை கேட்டதற்கு இருக்கும் பொறுமை, முதல் தடவை கேட்பதற்கு ஏன் இல்லை?

“நமக்கு வார்த்தை இருந்தாத்தான்டா ஒட்டும்” என்று ஒரு சமாதானம் சொல்வார்கள் பாருங்கள், அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோயில் புறப்பாட்டில் மல்லாரி வாசிக்கிறார்களே, அதில் எந்த வார்த்தை இருக்கிறது? நாதஸ்வரத்தில் ஒரு ராகத்தை நடுராத்திரி வரை ஊதினாலும் தெருவே நின்று கேட்ட ஊர் இது. மயிலாப்பூரில் எந்தப் பாட்டு கிளாஸுக்குப் போனாலும் எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி மணிக்கணக்கில் ரீங்கரிக்கிறது. அதற்கு யாரும் ஃபேன் சத்தம் என்று பெயர் வைக்கவில்லை. 1986இல் இளையராஜா படமே இல்லாமல் ‘ஹவ் டு நேம் இட்’ என்று ஒரு ஆல்பம் போட்டார். கேசட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டார்கள் நம் ஆட்கள். கேசட்டில் தாவ வேண்டுமென்றால் நாடாவை ஓட்ட வேண்டும், நிறுத்திப் பார்க்க வேண்டும், மறுபடி ஓட்ட வேண்டும். அந்தச் சிரமத்துக்கே பேசாமல் கேட்டுவிடலாம் என்று கேட்டார்கள். ஆக, காதில் கோளாறு இல்லை, கட்டைவிரலில்தான் கோளாறு. மார்கழிக் கச்சேரியில் தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகிறார்களே, அவர்களும் இந்த வர்க்கம்தான். ஒருவர் உயிரைக் கொடுத்து மிருதங்கம் வாசித்துக்கொண்டிருப்பார், இவர்கள் முழங்காலை இடித்துக்கொண்டு வரிசையைத் தாண்டுவார்கள்.

இதில் அந்தப் பையனுக்கு என்ன நஷ்டம் என்று யாராவது யோசித்தார்களா? ஸ்பாட்டிஃபையில் 30 நொடியாவது ஓடினால்தான் ஒரு ஸ்ட்ரீம் என்று கணக்கு. 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடாத டிராக்குக்கு ராயல்டியே கிடையாது. பெரிய ஆட்களுக்கு அது ஒரு எண்ணே இல்லை. கோடம்பாக்கத்துப் பெட்ரூமில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த 1,000 மலை. எட்டு நொடியில் ஒருவன் அழுத்தும்போது அந்தப் பாட்டை யாரும் கேட்கவே இல்லை என்றுதான் பதிவாகிறது. இதனால்தான் இப்போது வருகிற புது ஆல்பங்கள் பலவும் முதல் ஐந்து நொடியிலேயே கத்துகின்றன. முன்னிசை போச்சு, மெல்ல ஏறுவது போச்சு, எடுத்த எடுப்பில் காதில் ஒட்டிக்கொள்கிற ‘ஹுக்’. எல்லாமே இரண்டரை நிமிடம். நன்றாக மெட்டுப் போடத் தெரிந்தவர்கள்கூடப் பயந்து பயந்து போடுகிறார்கள். அந்தப் பயம் எனக்குக் காதில் கேட்கிறது.

மும்பையில் சரண்ஜித் சிங் என்று ஒருவர். 1982இல் ரோலண்ட் டிபி-303, டிஆர்-808 என்ற எலக்ட்ரானிக் பேஸ், டிரம் கருவிகளை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஆல்பம் போட்டார். ஒருவரும் சீண்டவில்லை. 2010இல் வெளிநாட்டில் மறுவெளியீடு ஆன பிறகுதான், ஆசிட் ஹவுஸ் என்ற எலக்ட்ரானிக் நடன இசைக்கு முன்னாலேயே ஒருவர் இந்தச் சத்தத்தைப் பிடித்துவிட்டார் என்று உலகமே வாயைப் பிளந்தது. 28 வருடம்! அவர் 2015இல் இறந்தார். எத்தனை பேர் இப்படிப் போயிருப்பார்களோ என்று நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அதே நண்பனுக்கு ‘பிராமிசஸ்’ ஆல்பத்தைப் போட்டுக் காட்டியிருந்தால் என்ன செய்திருப்பான்? ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸ் என்ற எலக்ட்ரானிக் இசைக்காரரும் சாக்ஸபோன் கலைஞர் ஃபாரோ சாண்டர்ஸும் லண்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து 2021இல் வெளியிட்டது. 46 நிமிடம், ஒரே ஒரு சின்ன இசைத் துணுக்கு திரும்பத் திரும்ப வரும், அதன் மேல் எண்பது வயதுக்காரரின் சாக்ஸபோன் மூச்சு விடுகிற மாதிரி எழுந்து அடங்கும். ஃபோர் டெட் என்ற எலக்ட்ரானிக் இசைக்காரர் 2015இல் போட்ட ‘மார்னிங்/ஈவ்னிங்’கில் மொத்தமே இரண்டு டிராக், ஒவ்வொன்றும் சுமார் இருபது நிமிடம். உள்ளே லதா மங்கேஷ்கர் குரல் மிதந்து வரும். இவன் இரண்டு அழுத்தில் ஆல்பத்தையே முடித்திருப்பான். லதாவையும் முடித்திருப்பான்.

நேரமில்லை என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். கையில் ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே ஒன்றரை மணி நேரம் படுத்திருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். 41 நிமிடம்தான் கேட்கிறேன். பிடிக்கவில்லையா, முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். நானும் சேர்ந்து திட்டுகிறேன். அந்தப் பையனின் ஆறாவது டிராக் எனக்கே நீளம்தான், பாதியில் தொய்கிறது, ஹை-ஹாட் சிம்பல் சத்தம் காதைக் குத்துகிறது. இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, ஏனென்றால் நான் கேட்டிருக்கிறேன். பிடித்திருந்தால் பேண்ட்கேம்ப் இணையதளத்தில் காசு கொடுத்து வாங்குங்கள். தளம் 15 சதவீதம் எடுத்துக்கொண்டு, பணம் அனுப்பும் கட்டணம் போக மீதி அவன் கைக்குப் போகும்.

இதெல்லாம் பார்த்துத்தான் இனிமேல் கார் ஸ்பீக்கரே வேண்டாம், ஹெட்போனில் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன் என்று முடிவெடுத்தேன். அங்கே வந்து நிற்கிறது அடுத்த வயிற்றெரிச்சல். போனில் ஹெட்போன் சொருக இருந்த அந்த 3.5 மில்லிமீட்டர் ஓட்டையை எடுத்தவர்களை யார் கேட்பது? என்ன கேடு செய்தது அது? இப்போது ஒரு டைப்-சி கன்வர்ட்டர் வாங்க வேண்டும், வாங்கிய சில மாதத்தில் கழுத்துப் பக்கம் ஒயர் பிய்ந்து ஒரு காது போய்விடும், மறுபடி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அலைய வேண்டும். நேற்றும் போனேன். கடைக்காரர் கன்வர்ட்டரைத் தேடக்கூட இல்லை. “இப்ப யாரு சார் ஒயர்ல கேக்குறாங்க? ப்ளூடூத் வாங்கிக்கோங்க” என்று ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். நான் கேட்கிறேன் அண்ணே! சார்ஜ் தீராது, மெட்ரோவில் பாதியில் துண்டிக்காது, ஒன்று மட்டும் தொலைந்து போகாது, அதனால் ஒயரில் கேட்கிறேன். அதைச் சொன்னதற்குப் பக்கத்தில் நின்ற பையன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அவன் கழுத்தில் ஒரு நெக்பேண்ட் தொங்கியது. அதிலும் பக்கவாட்டில் கட்டைவிரலுக்கு எட்டுகிற மாதிரி ஒரு பட்டன்.