சத்துணவு சமையலர், ஓய்வு

அப்பத்தா இறந்த அன்று இரவு பத்து மணி இருக்கும். கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கக் கொடுத்த கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் மாதிரி அனுப்பியிருந்தார்கள். படத்துக்குக் கீழே பெயர், அதற்குக் கீழே "சமூக சேவகி". சித்தப்பா சொல்லிப் போட்டது. அதை எடுத்துவிட்டு "சத்துணவு சமையலர் (ஓய்வு)" என்று போடச் சொன்னேன். சித்தப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. "ஏம்மா, ஊருக்கே சோறு போட்ட மனுஷிய சமையல்காரின்னு எழுதுறதா?" என்றார். அழுது வீங்கிய முகத்தோடு மூலையில் உட்கார்ந்திருந்த அத்தைதான் சொன்னார்: "போடட்டும் தம்பி. ஆத்தா பாத்த வேலைதானே அது."

அப்படியே அடித்தார்கள். ஏன் மாற்றச் சொன்னேன் என்று சித்தப்பாவுக்கு அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

துக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் "சேவை செஞ்ச மகராசி" என்றார்கள். மனசாரச் சொன்னார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் 26 வருஷம் அவள் கேட்ட கூலியைத் தட்டிக் கழித்தவர்களும் இதே சொல்லைத்தான் சொன்னார்கள். "இது சேவைம்மா, இதுக்குப் போய் கணக்குப் பாக்கலாமா?" அந்தச் சொல் அவள் காதில் அத்தனை தடவை விழுந்திருக்கிறது. அவள் படத்துக்குக் கீழேயும் அது நிற்க வேண்டாம் என்று நினைத்தேன்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பக்கம். கண்மாய் பெருகினால் நெல், இல்லையென்றால் கூலி. 1981-இல் கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து தாத்தா போய்விட்டார். அப்பத்தாவுக்கு அப்போது 31 வயது. நாலு பிள்ளைகள். மூத்தது அத்தை, அடுத்து என் அப்பா, பிறகு இரண்டு சித்தப்பாக்கள். கடைசிச் சித்தப்பா அப்போது கைக்குழந்தை.

அடுத்த வருஷம், 1982 ஜூலை 1 அன்று, திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். மதிய உணவு என்பதை காமராஜர் 1956-லேயே கொண்டுவந்துவிட்டார்தான். ஆனால் கிராமம் கிராமமாக ஒரு கொட்டகை, அதற்கு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பெண்களுக்கு ஆயிரக்கணக்கில் வேலை வந்தது 1982-இல்தான். கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவில்லாதவர்களுக்கும் முன்னுரிமை. அந்த ஒரு வரிதான் எங்கள் குடும்பத்தைக் கரையேற்றியது. ஆரம்பச் சம்பளம் அறுபது ரூபாய் என்பாள். அந்த அறுபது ரூபாயில் நாலு பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். தலைக்கு 100 கிராம் அரிசி, 15 கிராம் பருப்பு. எங்கள் பள்ளியில் 140 பிள்ளைகள், ஆக 14 கிலோ அரிசி, இரண்டு கிலோ சொச்சம் பருப்பு. ஓலைக் கொட்டகை, கல் கூட்டிய அடுப்பு, தைலமரச் சுள்ளி. மழைக்காலத்தில் சுள்ளி ஈரமாக இருந்தால் பற்றாது. ஊதி ஊதிக் கண் சிவந்து, பிறகு கண் அப்படியே ஆகிவிட்டது. வடிக்கும்போது அண்டாவை இரண்டு பேர் பிடித்துச் சாய்க்க வேண்டும், கஞ்சியும் ஆவியும் கைமேல் வரும். அவளுடைய வலது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் வழவழவென்று மினுங்கும், ஒரு முடி கிடையாது. சின்ன வயதில் அதைத் தடவிக்கொண்டேதான் தூங்குவேன். அது வெந்த தோல் என்று எனக்குத் தெரிந்தது பல வருஷம் கழித்துத்தான்.

திங்கட்கிழமை அவளுக்குத் தனிக் கணக்கு. சனி, ஞாயிறு வீட்டில் அரைவயிறாகக் கிடந்த பிள்ளைகள் திங்கட்கிழமை இரண்டு மடங்கு தின்பார்கள். அரசாங்க அளவு அதே 100 கிராம்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே எங்கள் வீட்டு ரேஷன் அரிசியிலிருந்து இரண்டு படி மஞ்சள் பைக்குள் போய்விடும். சத்துணவு அரிசியை மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகிறாள் என்று ஊரில் சிலர் பேசினார்கள். எங்கள் வீட்டு அரிசி அங்கே போனது யாருக்கும் தெரியாது. அவளும் சொன்னதில்லை. அத்தை சொல்லித்தான் எனக்கே தெரியும், பானையில் அரிசி குறைவதைப் பார்த்தது அவர்தானே.

வாத்தியாரிடம் வருகைப் பதிவேடு இருந்தது. இவளுக்குத் தட்டு. எந்தத் தட்டு வரவில்லை என்று பார்ப்பாள். மூன்று நாள் வரவில்லையென்றால் பாத்திரம் கழுவி முடித்த கையோடு அந்த வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிடுவாள். ஒருமுறை மூன்றாவது படிக்கும் ஒரு பிள்ளையை ஆடு மேய்க்க அனுப்பிவிட்டார்கள். தகப்பனிடம் வாதாடிப் பார்த்தும் நடக்கவில்லை. "சரி, ஆட்டையும் பத்திக்கிட்டு வரச் சொல்லு. வேலியில கட்டிக்கட்டும், காய்கறித் தோலு நான் போடுறேன்" என்றிருக்கிறாள். ஒரு வருஷம் முழுக்கப் பள்ளிக்கூட வேலியில் நாலு ஆடு கட்டிக் கிடந்தது. அந்த அக்கா துக்கத்துக்கு வந்திருந்தார். ஆடுகள் ஒவ்வொன்றுக்கும் அப்பத்தா என்ன பெயர் வைத்திருந்தாள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு அழுதார்.

பிரசவ வலி கண்ட வீட்டில் துணைக்கு இருப்பது, சாவு வீட்டுக்குச் சோறாக்கிக் கொண்டுபோவது, இதெல்லாம் சொல்லப் போனால் முடியாது.

1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். ஊர் ஊராகப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அப்பத்தா 41 வயதில் கைநாட்டை விட்டாள், சைக்கிளும் பழகிவிட்டாள். எழுத்து வந்ததும் அவள் முதலில் படித்தது அரிசி மூட்டையில் அச்சடித்திருந்த எடையைத்தான். தராசை இரவல் வாங்கி நிறுத்துப் பார்த்தால் மூட்டைக்கு இரண்டு, மூன்று கிலோ குறைகிறது. அன்றிலிருந்து நிறுக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. அதனால் பட்ட பாடு பெரிது, இரண்டு முறை வேலையே போகப் பார்த்தது. "பத்து வருஷமா என் பிள்ளைக சோத்துல குறைஞ்சிருக்கே, எனக்குப் படிக்கத் தெரியாததாலதானே" என்று சாகும்வரை சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொள்ளாமலே போனாள்.

தொண்ணூறுகளின் நடுவில், காலனித் தெருவிலிருந்து ஒரு அம்மா சமையல் உதவியாளராக வந்தார். ஊரில் பல வீடுகள் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. தட்டு பாதியாகக் குறைந்தது. "அவ பாத்திரம் மட்டும் கழுவட்டும், நீ ஆக்கு" என்று எங்கள் சொந்தக்காரர்களே வந்து சொன்னார்கள். மறுநாள் அப்பத்தா கரண்டியை அந்த அம்மா கையில் கொடுத்து ஆக்கச் சொன்னாள். மணி அடித்ததும் எல்லோரும் பார்க்கப் பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்து முதல் தட்டு தனக்குப் போடச் சொல்லிச் சாப்பிட்டாள். தினமும் அப்படியே. பதினோரு நாள் ஆனது பிள்ளைகள் திரும்பி வர. இரண்டு குடும்பங்கள் அதற்குப் பிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு வருவதில்லை, அப்பத்தா சாவுக்கும் வரவில்லை.

சமையல் வேலையில் தலித் பெண்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2004-இல் உத்தரவிட்டது. அதற்கும் பிறகு 2018-இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் ஒரு தலித் சமையலர் ஆக்கக்கூடாது என்று பள்ளிக்கூடத்தையே முற்றுகையிட்டார்கள். அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அப்பத்தா கேட்டது ஒன்றுதான்: "அங்க கூட வேலை பாக்குறவ யாரும் உக்காந்து சாப்பிடலையா?"

2004 என்றதும் கும்பகோணம் பள்ளிக்கூடம். ஜூலை 16. 94 பிள்ளைகள் வெந்து செத்தார்கள். சமையல் கொட்டகையில் பிடித்த தீ. அன்று இரவு அப்பத்தா டார்ச் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் அணைந்த அடுப்பில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள். ஓய்வு பெறும்வரை, ஒரு நாள் விடாமல், கடைசி வேலை அடுப்புச் சாம்பலுக்குள் கையை விட்டுப் பார்ப்பது.

இனி எழுதுவது வீட்டில் சிலருக்குப் பிடிக்காது.

என் அப்பா அதே பள்ளியில் அதே வரிசையில் தட்டோடு நின்றவர். தன் பிள்ளைக்கு அள்ளிப் போடுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதென்று அவருக்கு எப்போதும் கடைசியில்தான் போடுவாளாம். சில நாள் குழம்பு தீர்ந்துவிடும், உப்புத் தண்ணீர் ஊற்றித் தின்றிருக்கிறார். "ஊருக்கெல்லாம் ஆத்தா, எனக்கு மட்டும் சத்துணவு ஆயா" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு அப்பா அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

அத்தைக்கு 1982-இல் பதிமூன்று வயது, எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் முதலில் ஒன்பது வயதுவரைதான் சோறு. பெரிய பிள்ளைகளுக்கும் என்று ஆனது 1984-இல். அதற்குள் அத்தை நின்றுவிட்டார். அப்பத்தா காலையில் எட்டு மணிக்குப் போய்விட்டால் கைக்குழந்தையை யார் பார்ப்பது, மாட்டை யார் அவிழ்ப்பது, வீட்டில் யார் ஆக்குவது? 140 பிள்ளைகளுடைய தட்டை எண்ணிப் பார்த்த அப்பத்தா, தன் மூத்த மகள் பள்ளிக்கூடம் போகாததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கல்நெஞ்சக்காரி அல்ல அவள். வேறு வழி இல்லை. அறுபது ரூபாயில் பிள்ளை பார்க்க ஆள் வைக்க முடியுமா? வேலைக்கு வேலை என்று பெயர் வைத்து அதற்கு உரிய கூலி கொடுத்திருந்தால் அத்தை பத்தாவது எழுதியிருப்பார். எங்கள் ஊர் அனுபவித்த சேவைக்குப் பாதி விலை அத்தையுடைய படிப்பு. பேனரில் அத்தைக்கு எந்தப் பட்டமும் கிடையாது.

இன்றைக்கும் பெரிதாக மாறிவிடவில்லை. தமிழ்நாட்டில் 40,000-க்கும் மேற்பட்ட சத்துணவு மையங்கள். நாட்டில் எல்லா அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளியிலும் சமைத்த சோறு போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் சொன்னபோது முன்னால் நின்ற உதாரணம் நாம்தான். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவையும் தொடங்கினோம். அப்பத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்: "பிரேயர்ல மயங்கி விழுற பிள்ளைக எத்தனைய தூக்கியிருக்கேன், அப்பவே குடுத்திருக்கலாம்" என்றாள். இவ்வளவையும் தோளில் தூக்கி நிறுத்திய பெண்களுக்குக் கொடுத்தது வழக்கமான அரசுச் சம்பளத்தைவிடக் குறைந்த சிறப்புக் காலமுறை ஊதியம். மற்ற அரசு ஊழியர்களுக்கு உள்ள முறையான காலமுறை ஊதியம் கேட்டு அவர்கள் ரோட்டில் உட்காராத வருஷம் இல்லை. 26 வருஷம் உழைத்த அப்பத்தாவுக்குக் கடைசியில் வந்த ஓய்வூதியம் மாதம் 2,000 ரூபாய். அவளுடைய பிரஷர், சர்க்கரை மாத்திரைக்கே அது போதவில்லை. பெருமையை நாம் வைத்துக்கொண்டோம், பற்றாக்குறையை அவர்களிடம் விட்டுவிட்டோம். அடுத்த முறை அவர்கள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், "பிள்ளைக சோத்தைப் போட்டுட்டு போராட வந்துட்டாங்க" என்று தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்காகத் தன் பிள்ளையைக் கடைசியில் நிறுத்தியவர்கள் அவர்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் கறிச்சோற்றுப் படையல். இறந்தவருக்குப் பிடித்ததை ஆக்கி வைக்க வேண்டும். அப்பத்தாவுக்கு என்ன பிடிக்கும் என்று பேச்சு வந்தது. அப்பாவுக்குத் தெரியவில்லை. சித்தப்பாக்களுக்குத் தெரியவில்லை. அம்மா, "அடிப்பிடிச்ச சோத்துல மோரு ஊத்தித்தான் எப்பவும் சாப்பிடுவாங்க, அதுதான் பிடிக்கும்போல" என்றார். வாசலில் உட்கார்ந்திருந்த அந்தக் காலனி அம்மா, அப்பத்தாவோடு பன்னிரண்டு வருஷம் ஒரே அடுப்பில் நின்றவர், தலையை ஆட்டினார். "இல்ல தாயி. அது மிஞ்சுறதுன்னு சாப்பிடும். அக்காவுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. ஜெகதாப்பட்டினத்துக் கருவாடு போட்டு, மொச்சையும் கத்திரிக்காயும் சேத்து நான் வீட்டுல குழம்பு வச்சா, தூக்குச்சட்டியில கொண்டு போவேன். பிள்ளைக போனதுக்கு அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிடுவோம்."

வீட்டில் யாரும் பேசவில்லை. அத்தைதான் எழுந்துபோய், "ஒரு மணி நேரத்துல வச்சுத் தர முடியுமாக்கா?" என்று கேட்டார். அந்த அம்மா போய்த் தன் வீட்டில் ஆக்கி, அதே தூக்குச்சட்டியில் கொண்டுவந்தார். மூடியில் நசுங்கல் இருந்தது. பெரியவர்கள் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். அத்தை அதைக் கையில் வாங்கி, இலையில் இருந்த கறியைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளிவிட்டு, நடுவில் சோற்றின் மேல் ஊற்றினார். அப்புறம் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, இலைக்கு முன்னால் எங்களோடு உட்காரவைத்தார்.