பாலத்தில லீகல் இல்லை

ஒன்ராறியோவின்ர ஃபோர்ட் ஈரியையும் நியூயோர்க்கின்ர பஃபலோவையும் இணைக்கிற எல்லைப் பாலம், பீஸ் பிரிட்ஜ். அதில கஞ்சா கலந்த கம்மி இனிப்புப் பைக்கற்றோட பிடிபட்ட தம்பியின்ர கதைக்குக் கீழ வந்த கொமெண்டுகள் முழுக்க வாசிச்சன். "ஒன்ராறியோவிலயும் லீகல், நியூயோர்க்கிலயும் லீகல், பேந்தென்ன பிரச்சினை?" இதையேதான் இருபது பேர் இருபது விதமா எழுதியிருக்கினம். பிரச்சினை நடுவில, ரக் ஓடுற ஐயாமாரே. இஞ்சாலை லீகல், அங்காலை லீகல், பாலத்தில லீகல் இல்லை.

கனடா 2018 ஒக்ரோபர் 17 கஞ்சாவைத் திறந்துவிட்ட அதே சட்டத்திலதான், பெர்மிட் இல்லாமல் நாட்டுக்கு வெளியில கொண்டுபோறதும் உள்ள கொண்டுவாறதும் குற்றம், ஆகக்கூடினது 14 வருசம் எண்டும் எழுதிக்கிடக்கு. ரோட்டில 30 கிராம் வச்சிருக்கலாம் எண்ட கணக்கு ஃபோர்ட் ஈரியோட முடிஞ்சுது. நியூயோர்க் 2021இல 3 அவுன்ஸ் வரைக்கும் விட்டது உண்மை. ஆனா பூத்தில இருக்கிற அமெரிக்க எல்லை அதிகாரிக்கு நியூயோர்க் மாநிலம் சம்பளம் குடுக்கிறேல்லை. அவருக்கு 1970ஆம் ஆண்டு மத்திய போதைப்பொருள் சட்டம்தான் வேதம். பாலத்தைத் தாண்டியாச்சு எண்டே வைப்பம். ஐ-90இல ஒகையோவுக்குப் போற வழியில பென்சில்வேனியா வரும். அங்கை மருத்துவ அட்டை இல்லாதவைக்கு மாநிலச் சட்டமும் கைகுடுக்காது.

"உது இனவாதம்" எண்டு ஒராள். போடரில இனவாதம் இல்லையெண்டு நான் சொல்லேல்லை. ஆனா கம்மியைப் பையில வச்சுக்கொண்டு அதைக் கதைக்கிறது சரிவராது.

"சிபிடி எண்ணெய்தானே, பஃபலோவில காஸ் ஸ்டேசனிலயே விக்கிறாங்கள்" எண்டு இன்னொராள். சிபிடி எண்டது கஞ்சாச் செடியில இருக்கிற, போதை ஏத்தாத பொருள்; போதை ஏத்திறது டி.எச்.சி. இதுக்குக் கொஞ்சம் ஆறுதலாப் பதில் சொல்லவேணும், ஏனெண்டால் கனபேர் மாட்டுப்படுறது இதில. அமெரிக்கா 2018 பண்ணைச் சட்டத்தில, 0.3 வீதத்துக்கு மேல டெல்டா-9 டி.எச்.சி இல்லாத செடியை ஹெம்ப் எண்டு பிரிச்சு விட்டது. கனடாவில சிபிடியும் கஞ்சாச் சட்டத்துக்குள்ளதான். முழங்கால் நோவுக்கு அங்கை வாங்கின களிம்பு இஞ்ச வரேக்க இறக்குமதி. பரிசோதனையில இன்னொரு குழி இருக்கு. ரக் ஓடுறவைக்கு அமெரிக்கப் போக்குவரத்துத் துறை வச்சிருக்கிற சிறுநீர்ப் பரிசோதனை சிபிடியைத் தேடுறேல்லை, டி.எச்.சி உடம்பில உடைஞ்சு வாற கழிவைத்தான் தேடுது. எல்லை, ஒரு மில்லிலீற்றருக்கு முதல் சோதனையில 50 நனோகிராம், உறுதிப்படுத்திற சோதனையில 15. போத்தில் லேபிளில பூச்சியம் எண்டு போட்டிருந்தாலும் உள்ள கொஞ்சம் டி.எச்.சி கிடந்தால் மாட்டுப்படலாம். "சிபிடிதான் எடுத்தனான்" எண்ட விளக்கத்தை ஏற்கமாட்டம் எண்டு 2020இலயே அறிவிச்சுப் போட்டினம்.

சனிக்கிழமை வீட்டில சட்டப்படி இழுத்தது, புதன்கிழமையும் சிறுநீரில கிடக்கலாம். வழமையா இழுக்கிறவைக்குக் கிழமைக்கணக்கிலயும் கிடக்கலாம். கனடா லைசென்ஸ் எண்டாலும் அமெரிக்காவில ஓடுறீங்கள் எண்டால் இதே சோதனைதான், விழுந்தால் பெயர் போறதும் கிளியரிங்ஹவுஸ் எண்ட அதே அமெரிக்க மத்திய பதிவேட்டுக்குத்தான். விழுந்தால் வெளியில வாறதுக்கு அங்கீகாரம் உள்ள நிபுணரிட்டை மதிப்பீடு, அவர் சொல்லுற சிகிச்சை, ஆள் பாத்துக்கொண்டு நிக்க ஒரு சோதனை, பேந்து முதல் 12 மாசத்தில குறைஞ்சது 6 சோதனை. ஆள் பாத்துக்கொண்டு நிக்கிற அந்தச் சோதனையில தேறும்வரைக்கும் அங்கால ஓட ஏலாது. "அப்ப ஒன்ராறியோவுக்குள்ள ஓடுவம்" எண்டால், இஞ்சையும் கொமேர்சல் வாகனம் ஓடுறவைக்குக் கஞ்சா பூச்சியம்தான்.

முந்தி கஞ்சா இழுத்தனீங்களோ எண்டு பூத்தில கேட்டால் என்ன செய்யிறது? பிடிபடாமலே, தண்டனை இல்லாமலே, "ஓம், 2015இல இழுத்தனான்" எண்ட ஒப்புதல் ஒண்டே உள்ள விடாமல் தடுக்கப் போதும். அந்த வருசம் அது கனடாவில குற்றம். பேந்து, தடை இருந்தாலும் உள்ள விடச்சொல்லி அமெரிக்காவிட்டைக் கேட்கிற ஐ-192 வெய்வர் விண்ணப்பத்தோட இழுபடவேணும். அதுக்காகப் பொய் சொல்லாதேங்கோ. பொய்க்குத் தனித் தடை இருக்கு, அது காலத்துக்கும் நிக்கும். பதில் சொல்ல விரும்பேல்லை, உள்ள வாற விண்ணப்பத்தை மீளப்பெறுறன் எண்டு கேட்கலாம். விடுறதும் விடாததும் அவையின்ர விருப்பம், அண்டைக்குத் திரும்பி வரவேண்டியும் வரும். லோட் பிந்தும், பிந்தட்டும்.

போன முறை இதை எழுதினதுக்கு "அமெரிக்காக்காரனுக்கு வக்கீல்" எண்டு பட்டம் தந்தவைக்கு ஒண்டு சொல்லுறன். இந்தச் சட்டம் ஒழுங்கான சட்டம் எண்டு நான் எங்கை சொன்னனான்? விசர்ச் சட்டம். நியூ மெக்சிகோவில 2022இல இருந்து கஞ்சாவைக் கடையில விக்கலாம். ஆனா 2024இல மாநில லைசென்ஸ் உள்ள கொம்பனி வாகனங்களை, மாநிலத்தை விட்டு வெளியில போகாமலே, உள்ளுக்குள்ள இருக்கிற மத்திய அரசின்ர எல்லைக் காவல் சோதனைச் சாவடிகளில மறிச்சுச் சரக்கைப் பறிச்சவை. ஓரிகனில விளைஞ்சது மிஞ்சிக்கிடக்கு, கொலம்பியா ஆத்துக்கு அங்கால வொஷிங்டனில கடை இருக்கு, ஆத்தைத் தாண்டக்கூடாது. 2019 ஜனவரியில மறுவளம், மத்திய அரசு விட்டதை மாநிலம் பிடிச்சது: ஹெம்பை விட்டு ஒரு மாசம்தான், ஓரிகனில இருந்து கொலராடோவுக்குக் கிட்டத்தட்ட 6,700 இறாத்தல் ஹெம்ப் ஏத்தின ரக்கை ஐடஹோ மாநிலப் பொலிஸ் மறிச்சது. ஏத்தக் குடுத்தவனும் வாங்க இருந்தவனும் வீட்டில, மறியலுக்குப் போனது ட்ரைவர்.

எனக்கு விசர் வாறது உண்மையில இதிலதான். சரக்கு ஆற்றையோ, பிழை ஆற்றையோ, அனுபவிக்கிறது ஓடுறவன். ரொறன்ரோவில இருந்து வின்னிபெக்குக்கு மிச்சிகன், மினசோட்டா வழியாக் ரக்கைக் குறுக்கால அனுப்புற டிஸ்பாச்சர்மாரே, லோடில லைசென்ஸ் கொம்பனியின்ர ஒரே ஒரு பலெட் கஞ்சா இருந்தாலும், மனிற்றோபா வரிமுத்திரை வடிவா ஒட்டியிருந்தாலும், அது கனடாவுக்குள்ளாலயே, ஹைவே 17 மாதிரி ரோட்டாலதான் போகவேணும். பனியில 17 பூட்டினால் வழியில வவா ஊரில நிக்கவேணும். ஜேர்மனிக்கு மருத்துவக் கஞ்சா போகுதே எண்டு கேட்காதேங்கோ. அதுக்கு ரெண்டு நாட்டு அரசாங்கமும் ஒவ்வொரு ஏத்துமதிக்கும் பெர்மிட் குடுக்குது. டிற்றோய்ட்டுக்கு உங்களுக்கு ஆர் குடுத்தது? பேப்பரில என்ன ஏத்தியிருக்கெண்டு ரக் ஓடுற பெடியனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது?

ரக்கை மாறி மாறி ஓடுறவை, சாவியை வாங்கின உடன வெளிக்கிடாதேங்கோ. சீற்றுக்குக் கீழ, படுக்கை மெத்தைக்கு அடியில, கதவுப் பொக்கற், சிகரெட் சாம்பல் தட்டு, முந்தி ஓடினவர் விட்டுட்டுப் போன ஜக்கெற், எல்லாம் பாருங்கோ. பாலத்துக்கு வரிசையில நிக்கேக்க இல்லை, யார்ட்டிலயே.